கோடு விழும் முன்

இன்னும் ஒரு செங்கல்லும் வரவில்லை.
ஷெல்விக் துறைமுகத்துக்கு மேலே
மீன்பதன ஆலையை இடித்த வெற்று மனை,
அதன்மேல் முழங்கால் அளவு பனி,
பனியில் ஒரு நரி நடந்துபோன தடம்.

சுவரை வைத்துத்தான் சித்திரம் என்பார்கள்.
நான் சுவருக்கும் முந்தைய ஆள்.
கட்டடக் கலைஞர் பென்சிலைச் சீவுமுன்
என்ன வேண்டும் என்று எழுதிவைப்பவள்.
எப்படி வேண்டும் என்று மட்டும் எழுதக் கூடாது.
ஜன்னல் என்று எழுதினால் அது விடை.
வெளிச்சம் என்று எழுதினால்தான் கேள்வி.
இது பிடிபட எனக்குப் பதினோரு வருடம்.

ஆயிரத்து நானூறு சதுர மீட்டர்,
ஒரு பிரசவ அறை,
டயாலிசிஸுக்கு நான்கு நாற்காலி,
மருந்தறை, சலவை, ஈரக் கோட்டு மாட்ட இடம்.
நகராட்சியில் காபி இயந்திரம் இருமும் அறைக்கு
ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன்.

துப்புரவு செய்யும் ஓட்ருன்
தன் தொடையில் கை வைத்துக் காட்டினாள்:
"குழாய் இந்த உயரம், இதற்கு மேல் வேண்டாம்.
வாளியைத் தூக்கித் தூக்கி என் வலது தோள்
இப்போது வானிலை அறிக்கை வாசிக்கிறது."
எழுதினேன்:
வாளியைத் தூக்காமலே நிரப்ப முடிய வேண்டும்.

கட்டடக் காவலர் சிக்பியோர்ன்
வடகிழக்கைப் பற்றி மட்டும் பேசினார்.
அங்கிருந்து வரும் காற்று
ஒரே இரவில் கதவைப் புதைத்துவிடுமாம்.
"போன தடவை வரைந்தவர் தெற்கிலிருந்து வந்தார்,"
என்றவர் குரலைத் தாழ்த்தினார்,
"அதுவும் ஜூலையில்."

தூண்டில் படகில் எஞ்சின் பார்த்த யூஸ்தெய்ன்,
வயது நாற்பத்தொன்று, வாரம் மூன்று நாள் ரத்தச் சுத்தம்,
மன்றம் எழுதித் தந்த முதல் பக்கத்தைப் படித்துச் சிரித்தான்.
ஒவ்வொரு நாற்காலிக்கும் கடல் தெரிய வேண்டும்
என்றிருந்தது அதில்.
"பதினாறு வயதிலிருந்து அதற்குள்தானே கிடந்தேன்.
நான்கு மணி நேரம் கட்டிப்போட்டு
அதையேவா காட்டுவீர்கள்?
கார் நிறுத்துமிடத்தைக் காட்டுங்கள்.
யார் வண்டி கிளம்பவில்லை,
யார் யாரோடு வந்து இறங்குகிறார்கள்,
இதெல்லாம் தெரிய வேண்டாமா?"
கடலை அடித்தேன்.
மன்றத்தில் மூன்று பேர் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

மருத்துவச்சி இங்கா மாரெத்
கையுறையைக் கழற்றவே இல்லை.
அறைப் பட்டியலை இரண்டு முறை மேலும் கீழும் பார்த்தாள்.
"குழந்தை இறந்து பிறந்தால்
அந்தத் தாய் எந்த வழியாக வெளியே போவாள்?
பலூனோடு காத்திருப்பவர்களைத் தாண்டியா?"

என் அட்டவணையில் அதற்கு வரிசை இல்லை.
சேர்த்தேன்.
எண்ணிக்கை: ஒன்று.
பரப்பளவு: தெரியாது.
பக்கத்தில் இருக்க வேண்டியவை: எதுவுமில்லை.

பிறகு நிதிப்பிரிவு தூர் ஆர்விட்,
சிவப்புப் பேனா, பன்னிரண்டு சதவீதம்.
ஈரக் கோட்டுகள் போயின.
மருந்தறை ஒரு முழம் இளைத்தது.
ஓட்ருனின் குழாய் எப்படியோ தப்பியது.
அந்த வரிசையில் பேனா நின்றது.

"இது என்ன அறை?"
"அறையில்லை, வழி."
"எத்தனை மீட்டர்?"
"வரைகிறவர்தான் சொல்ல வேண்டும்."
அவர் என்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார்.
"அளவில்லாததை நான் எங்கே வெட்டுவது?"
பக்கம் புரண்டது.

எனக்குத் தெரியும்,
முதல் கோடு விழுந்த அன்றே
அதற்கொரு நீளம் வரும், நீளத்துக்கு விலை வரும்,
அப்போது அந்த மேசையில் நான் இருக்க மாட்டேன்.
அதனால் அந்த வரியின் கீழே
மருத்துவச்சியின் தொலைபேசி எண்ணை எழுதினேன்.
விதிகளில் அப்படி ஒன்றும் கிடையாது.

மாலை மூன்றுக்கே இருட்டு.
டார்ச்சோடு மனைக்குப் போனேன்.
நரியின் தடம் நேராக வந்து,
வடகிழக்கு மூலையில் காரணமே தெரியாமல் வளைந்து,
ஒரு வீட்டைச் சுற்றிப்போவதுபோல் சுற்றி,
மறுபடி நேரானது.
அந்த மூலையில் கால் வைத்துப் பார்த்தேன்.
இடுப்புவரை இறங்கினேன்.

இணைப்பு நான்கு: புகைப்படம். நரி.